அக்கா, இதை எழுதாதேங்கோ

2003ஆம் ஆண்டு தை மாதம். வெளியே முழங்காலளவு பனி. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், குடல் அழற்சி நோயாளிகளுக்கு மருந்தேற்றும் அறையில் நான் தாதியாக இருந்தேன். சாய்கதிரையில் இருபத்திரண்டு வயதுத் தமிழ்ப் பெடியன். குரோன்ஸ் வருத்தம். இன்பிளிக்சிமாப் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய இரண்டு மணித்தியாலம் எடுக்கும். அவனுடைய குளிரங்கியை எடுத்துக் கொளுவும்போது அந்த வாசனை வந்தது. கஞ்சா.

"புகைக்கிறனீரோ?" என்று கேட்டேன்.

அவன் வாசலைப் பார்த்தான். வெளியே அவனுடைய தாய் தேநீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

"அக்கா, ஒண்டு சொல்லுறன், இதை எழுதாதேங்கோ. ராத்திரியில ஒவ்வொரு நாளும் இழுக்கிறன். வயித்துக்குத்து நிக்குது. முந்தி ஆறேழு தரம் எழும்புறனான், இப்ப ரெண்டு தரம். அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துப்போவா."

எனக்குக் கற்பித்தபடியே நடந்தேன். சட்டவிரோதம், நுரையீரலுக்குக் கூடாது, உடனே நிற்பாட்டும் என்றேன். அவன் கேட்டுக்கொண்டதற்காக ஏட்டிலும் எழுதவில்லை. இரண்டுமே பிழை. அதற்குப் பிறகு அவன் என்னிடம் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் வரவேண்டியவன் பன்னிரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்தான், பிறகு வராமலே விட்டான். இந்த மருந்தில் இடைவெளி விட்டால் உடம்பு மருந்துக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம். திரும்ப ஏற்றினாலும் பிறகு பிடிக்காமல் போகலாம்.

இரண்டு வருடம் கழித்து வயிறு ஊதி, பச்சையாகச் சத்தி எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதி தழும்பேறிப் பென்சிலளவு ஒடுங்கியிருந்தது. ஒரு முழம் குடலை வெட்டி எடுத்தார்கள். மூன்றாம் நாள் கட்டிலருகே போனேன். அவன் சொன்னது இருபது வருடம் கழிந்தும் காதில் நிற்கிறது.

"அக்கா, எனக்கு நல்லாத்தானே இருந்தது."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நல்லாகத்தான் இருந்தது. குடல் மட்டும் உள்ளே எரிந்துகொண்டே இருந்தது.

இந்த வருத்தக்காரரோடு பழகாதவர்களுக்கு அவர்கள் ஏன் கஞ்சாவைத் தேடுகிறார்கள் என்பது விளங்காது. நெடுஞ்சாலை 401இல் எந்த வெளிவழியில் கழிவறை இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். கலியாண வீட்டில் மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருப்பார்கள். கைப்பையில் மாற்று உடுப்பு இருக்கும். ஸ்டீராய்டுக் குளிசை எடுத்தால் முகம் வீங்கும், நித்திரை போகும், எலும்பு தேயும். அசதையோபிரின் எடுத்தால் மாதாமாதம் இரத்தம் சோதிக்க வேண்டும். ஊசி மருந்துகள் வந்தபிறகு பலருக்கு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது, ஆனால் எல்லோருக்கும் அவை பிடிப்பதில்லை. பிடித்தவர்களில் ஒரு பகுதியினருக்கும் சில வருடங்களில் பலன் குறைந்துவிடும். அப்படி எல்லாவற்றையும் பார்த்துக் களைத்தவனிடம் ஒருவன் வந்து இதைக் கொஞ்சம் இழு, குத்து நிற்கும் என்றால் அவன் இழுக்கத்தான் செய்வான்.

எங்கள் சனத்தில் இது இன்னொரு விதமாகக் கடினம். "எங்கட பரம்பரையில இந்த வருத்தம் ஒருத்தருக்கும் இல்லையே, மிஸி" என்று எத்தனை தாய்மார் அழுதிருக்கிறார்கள். உண்மைதான், அவர்களுடைய தலைமுறையில் இது அரிது. ஆனால் தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு, மற்றக் கனடியப் பிள்ளைகளுக்கு வருகிற அளவிலேயே இந்த வருத்தம் வருகிறது என்று ஒன்ராறியோவில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2015இல் காட்டியது. பெற்றோருக்குத் தெரியாத வருத்தம், பெற்றோர் வெறுக்கிற பரிகாரம். பிள்ளை இரண்டையும் மறைத்தான்.

வெறுப்பும் எங்களிடம் என்றைக்கும் இருந்ததல்ல. வடமராட்சியில் பிறந்த வயதான நோயாளி ஒருவர் ஒருநாள் சொன்னார்: "பிள்ளை, தீராத வயித்தோட்டத்துக்குப் பரியாரி ஒரு லேகியம் தருவார். அதில கஞ்சா இலை இருக்கெண்டு எங்கட அம்மாவுக்குத் தெரியும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை." அவர் சொன்னது சரி. கிரகணி என்ற நாட்பட்ட வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜாதீபலாதி சூரணத்தில் கஞ்சா சேர்கிறது. மேல்நாட்டு மருத்துவத்துக்குக் கஞ்சாவை எடுத்துச் சென்ற டொக்டர் வில்லியம் ஓஷானசி 1830களின் கடைசியில் கல்கத்தாவில் இருந்து, நாட்டு வைத்தியரிடமும் கேட்டறிந்து, வாந்திபேதி நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தவர். வயிற்றுக்கும் இந்தச் செடிக்கும் உள்ள உறவைப் பழைய ஆட்கள் கண்டுதான் வைத்திருந்தார்கள்.

ஏன் என்பது எனக்கு விளங்கியது பிறகுதான், தாதியருக்கான ஒரு பயிற்சி வகுப்பில். இஸ்ரேலில் ரபாயேல் மெக்கூலம், யெகியேல் கயோனி என்ற இருவர் பொலிஸ் பிடித்துவைத்திருந்த ஹஷீஷை வாங்கிப் பிரித்து, மயக்கம் தருகிற பொருளான டிஎச்சியை 1964இல் தனியே எடுத்தார்கள். அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடப்போக, 1990இலும் 1993இலும் இரண்டு ஏற்பிகள் அடையாளம் காணப்பட்டன. செடிக்காகவா உடம்பு ஏற்பிகளை வைத்திருக்கும்? உடம்பே அப்படியொரு பொருளைச் செய்யவேண்டும் என்று தேடி, 1992இல் மெக்கூலத்தின் குழு அதைக் கண்டுபிடித்து ஆனந்தமைட் என்று பெயர் வைத்தது. எங்களுக்குத் தெரிந்த அதே ஆனந்தம்தான். வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்தது, ஒரு தமிழச்சிக்கு மட்டும் சொன்னதுபோல.

முதலாவது ஏற்பி மூளையில் மட்டுமல்ல, குடற்சுவருக்குள் இருக்கும் நரம்பு வலையிலும் நிறைய உண்டு. அங்கே டிஎச்சி ஒட்டினால் குடலைச் சுருங்கச்சொல்லும் செய்தி குறைகிறது. குடல் மெல்ல அசைகிறது, வயிற்றோட்டம் குறைகிறது, குத்து தணிகிறது. இரண்டாவது ஏற்பி நோயெதிர்ப்பு அணுக்களில் அதிகம். அதைப் பிடித்தால் அழற்சியே அடங்கும் என்பதுதான் நம்பிக்கை. மியூனிக்கில் 2004இல் செய்த எலி ஆய்வில், முதலாவது ஏற்பி இல்லாமல் பிறப்பித்த எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி கூடுதலாக வந்தது. இந்த அமைப்பு குடலைக் காக்கிறது என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். நானும் நம்பினேன். அந்தப் பெடியனிடம் நான் சொன்னதெல்லாம் அறியாமையோ என்று பல இரவுகள் யோசித்தேன்.

2013இல் இஸ்ரேலின் கபார் சபாவிலிருந்து ரிம்னா நப்தாலியின் ஆய்வு வந்தபோது எங்கள் தொலைபேசி ஓயவில்லை. வருத்தக்காரர் அச்செடுத்த தாள்களோடு வந்தார்கள். வேறு மருந்துகளுக்கு அடங்காத குரோன்ஸ் நோயாளிகள் 21 பேர். பதினொரு பேருக்குக் கஞ்சாச் சுருட்டு, பத்துப் பேருக்கு டிஎச்சியை உருவி எடுத்த பூவில் செய்த சுருட்டு. எட்டுக் கிழமை. கஞ்சா புகைத்தவர்களில் பத்துப் பேருக்கு நல்ல முன்னேற்றம், மற்றப் பக்கத்தில் நாலு பேருக்கு. நோய் முற்றாக அடங்கிய நிலை இங்கே ஐந்து பேருக்கு, அங்கே ஒருவருக்கு. மூன்று பேர் ஸ்டீராய்டை விட்டார்கள்.

என்னோடு வேலைசெய்த டொக்டர் அந்தக் கட்டுரையை என்னிடம் தந்து, மெல்ல வாசியுங்கள் என்றார். மெல்ல வாசித்தபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி குறையவில்லை. நிறுத்தி இரண்டு கிழமையில் நோயின் எண் பழைய இடத்துக்கே போய்விட்டது. மற்றது, டிஎச்சி உள்ளே போனால் தலை சொல்லிவிடும். தனக்கு எந்தச் சுருட்டு கிடைத்தது என்று நோயாளி ஊகித்துவிடுவான்.

அந்த நோயின் எண் எப்படி வருகிறது என்பதை நான் நன்றாக அறிவேன், ஏனென்றால் அந்தத் தாளை ஆயிரம் தரம் நிரப்பியிருக்கிறேன். 1976இலிருந்து புழக்கத்தில் உள்ள முறை. நோயாளி ஏழு நாள் குறிப்பெழுத வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் இளக்கமாகப் போனது, குத்து எவ்வளவு (0 முதல் 3), பொதுவாக எப்படி இருக்கிறது (0 முதல் 4). ஏழு நாள் எண்களையும் கூட்டி, போன தரத்தை இரண்டாலும் குத்தை ஐந்தாலும் பொதுச் சுகத்தை ஏழாலும் பெருக்க வேண்டும். எடை, இரத்தச் செறிவு, வயிற்றில் தட்டுப்படும் கட்டி, காய்ச்சல்போன்ற சிக்கல்கள் இவற்றுக்கும் புள்ளி உண்டு. 150க்குக் கீழே வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று கணக்கு.

அன்று இரவு வீட்டில் குசினி மேசையில் இருந்து பென்சிலால் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு தரம் போனவர் மூன்று தரம் போகிறார். குடல் மெல்ல அசைந்தாலே அது நடக்கும். ஏழு நாளில் 21 குறைவு, இரண்டால் பெருக்க 42. குத்து 2இலிருந்து 1. ஏழு நாள், ஐந்தால் பெருக்க 35. பொதுச் சுகம் 3இலிருந்து 1. நித்திரை கொண்டு எழும்பினவன் அப்படித்தான் எழுதுவான். ஏழு நாளில் 14, ஏழால் பெருக்க 98. எல்லாம் சேர்த்து 175. 330இல் இருந்தவர் 155க்கு வந்துவிட்டார், குடலில் ஒரு புண்கூட ஆறாமலே. பென்சிலை வைத்துவிட்டுக் கனநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் குடல் போனவனுக்கு நடந்தது அந்தத் தாளில் அப்படியே இருந்தது.

அடுத்த வருடம் கல்கரியிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கலக்கியது. 313 நோயாளிகளிடம் கேட்டிருந்தார்கள். கஞ்சா எடுத்தவர்களில் பெரும்பாலானோர் குத்தும் வயிற்றோட்டமும் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் குரோன்ஸ் உள்ளவர்களில் ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தவர்களிடம் சத்திரசிகிச்சை கூடுதலாகக் காணப்பட்டது. கஞ்சாதான் கத்திக்கு அனுப்பியது என்று இதை வைத்துச் சொல்லமுடியாது. வருத்தம் முற்றினவன்தான் கூடுதலாகக் கஞ்சாவைத் தேடுவான், அவனுக்குத்தான் சத்திரசிகிச்சையும் வரும். இருந்தாலும் குத்து இல்லாதபடியால் வருத்தம் இல்லை என்று நினைத்து மருந்தை விட்டவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். குத்து ஒரு காவல்நாய். அதை நித்திரையாக்கினால் வீட்டுக்குள் யார் நுழைகிறார்கள் என்று வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் இப்போது குடலுக்குள் பார்க்காமல் எந்த முடிவையும் நாங்கள் நம்புவதில்லை. மலத்தில் அழற்சியைக் காட்டும் கல்ப்ரொடெக்டின் அளவு, தேவையென்றால் கொலனோஸ்கொபி. அதே நப்தாலி குழு 2021இல் கஞ்சா எண்ணெயை 56 குரோன்ஸ் நோயாளிகளிடம் பார்த்தது. நோயின் எண் இறங்கியது, வாழ்க்கைத் தரம் ஏறியது, கொலனோஸ்கொபியில் குடல் மாறவில்லை, சிஆர்பியும் கல்ப்ரொடெக்டினும் மாறவில்லை. தாங்கள் எதிர்பார்த்தது வராததையும் அப்படியே எழுதி வெளியிட்ட அந்த டொக்டர்மாரை நான் மனதாரப் போற்றுகிறேன்.

2018 ஐப்பசி 17ஆம் திகதி கனடாவில் வயதுவந்த எல்லோருக்கும் கஞ்சா சட்டபூர்வமானது. அதற்கு முன் 2001 முதல் மருத்துவத் தேவைக்கு அனுமதி இருந்தது, ஆனால் படிவங்களோடு அலைந்து அதைப் பெற்றவர் கொஞ்சப் பேர்தான். 2018க்குப் பிறகு நோயாளிகள் வாய் திறந்தார்கள். பதினைந்து வருடமாக என்னிடம் வந்தவர்கள்கூட, மிஸி, நான் எப்பவும் எடுக்கிறனான் என்றார்கள். எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கூடவே சிபிடி என்ற புயலும் வந்தது. மயக்கம் தராத பகுதி, அழற்சியை ஆற்றும் என்று கடைக்காரர் சொல்ல, மாதம் இருநூறு டொலர் கொடுத்து எண்ணெய் வாங்கினார்கள். குரோன்ஸில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் 10 மில்லிகிராம் சிபிடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் பலனில்லை என்று சொல்லியிருந்தது. பிரித்தானியாவில் 60 பெருங்குடல் அழற்சி நோயாளிகளிடம் சிபிடி செறிந்த சாற்றைப் பார்த்ததில் நோய் அடங்கியவர்கள் 28 வீதம், வெறும் குளிசை எடுத்தவர்களில் 26 வீதம். நான் கூட்டிக் குறைக்காமல் இந்த எண்களைச் சொல்வேன். காசைச் சேமித்தவர்களும் உண்டு, கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஒரு சம்பவத்தை விடமுடியாது. வேறொரு நகரத்தில் பார்க்கப்பட்டு எங்களிடம் வந்த இளைஞன். ஒவ்வொரு மாதமும் நாலைந்து நாள் ஓயாத சத்தி. குரோன்ஸ் கூடிவிட்டது என்று அங்கே மூன்று தரம் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். எங்களிடம் கல்ப்ரொடெக்டின் நல்லாக இருந்தது, ஸ்கானும் சுத்தம். என்ன என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. இரவு வேலையில் அவனுடைய தலைமயிர் ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். அன்று நாலாவது தரம் குளித்திருக்கிறான்.

"சுடுதண்ணியில நிண்டாக் குறையுதோ?"

"ஓம் அன்ரி, அதில மட்டும்தான். தண்ணி முடியுமட்டும் நிப்பன்."

2004இல் தென் ஆஸ்திரேலிய டொக்டர்மார் முதலில் எழுதிய வருத்தம் இது. வருடக்கணக்காக நாள்தோறும் கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு, குமட்டலைத் தணிக்கிற அதே பொருள் தலைகீழாகத் திரும்பி ஓயாமல் சத்தி எடுக்கவைக்கிறது. சுடுதண்ணீரில் நின்றால் ஆறுதல். மருந்து ஒன்றுதான், முற்றாக விடுவது. அவன் விட்டான், ஆறு மாதத்தில் எடை ஏறியது. தேவையில்லாத ஸ்டீராய்டால் அவன் தொடைகளில் விழுந்த கோடுகள் மட்டும் போகவில்லை. கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தக் கோடுகள் விழுந்திருக்காது.

அதனால் நான் கேட்கிறேன், எல்லோரிடமும், பாட்டிமாரிடமும். எடுக்கிறீர்களா என்று கேட்பதில்லை, எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கேட்கிறேன். புகையா, எண்ணெயா, இனிப்பா? இனிப்பு வேலைசெய்ய ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கும், பிடிக்கவில்லை என்று இரண்டாவதையும் விழுங்கிவிடுவார்கள். புகையிலை கலக்கிறீர்களா? புகையிலை குரோன்ஸைக் கூட்டும், அது நிச்சயம். வேறு என்ன குளிசைகள்? சிபிடி ஈரலில் சில மருந்துகளின் வழியை அடைக்கும், இரத்தம் உறையாமல் எடுக்கும் வார்பரின் போன்றவற்றின் அளவு ஏறிவிடும். கொலனோஸ்கொபிக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவரிடம் மறைக்கவேண்டாம், நாள்தோறும் எடுப்பவருக்குக் கூடுதல் மருந்து தேவைப்படும். கர்ப்பமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். பதில்களை அவர்களுக்குக் காட்டியே ஏட்டில் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு தாய் மகனோடு வந்தா. இருபத்திநாலு வயது, பெருங்குடல் அழற்சி. மகனுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தாய் கைப்பையிலிருந்து தமிழ்ப் பேப்பரில் சுற்றிய சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தா. அவன் அறையில் எடுத்ததாம். கை நடுங்கியது. நான் மகனைப் பார்த்தேன். அவன் தலையசைத்தான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலில் இருந்ததைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். ஒரு மில்லிலீற்றரில் டிஎச்சி இவ்வளவு, சிபிடி இவ்வளவு.

"இது கஞ்சாதானே, மிஸி?"

"ஓம் அம்மா."

"இது வருத்தத்தை மாத்துமோ?"

"மாத்துமெண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் காட்டேல்லை. குத்தைக் குறைக்கும். நித்திரை தரும்."

"அப்ப மாத்துறது?"

மேலே தொங்கிய மருந்துப் பையைக் காட்டினேன். கடைசியாகப் பார்த்த கல்ப்ரொடெக்டின் நல்லாக இருக்கிறது, அது இந்தப் பையாலதான், இது ஒரு தரமும் தவறக்கூடாது என்றேன். தாய் அந்தப் பையை அண்ணாந்து பார்த்தா. சொட்டு விழுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மகன் பக்கம் திரும்பினா.

"எத்தின துளி எடுக்கிறனீ?"

"மூண்டு, அம்மா. படுக்கேக்க மட்டும்."

போத்தலைத் திரும்பப் பேப்பரில் சுற்றினா. சுற்றியபடியே கேட்டா: "மிஸி, இதைப் பிரிட்ஜில வைக்கவேணுமோ?"

"தேவையில்லை அம்மா. லாச்சியில வைச்சுப் பூட்டுங்கோ. வீட்டில சின்னப்பிள்ளையள் இருக்கினமெல்லோ."